ரங்கூன்காரி வாசித்த குறிப்பு

குற்றாலத்துப் பேரருவியைப் பங்குனி மாதத்தில் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காமலிருப்பதே நல்லது. அவ்வளவு பெரிய பாறையும் காய்ந்து கிடக்கும். மூன்று நான்கு இடத்தில் மட்டும் தண்ணீர், சளி பிடித்த பிள்ளைக்கு மூக்கு ஒழுகுவதுபோல இறங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பாறைக்கு முன்னால் நாற்பத்திரண்டு பிள்ளைகளைக் கொண்டுபோய் நிறுத்தியவள் நான்தான். பள்ளிக்கூடத்து வருஷக் கடைசி உல்லாசப் பயணம். தென்காசியிலிருந்து இரண்டிரண்டு பேராகக் கைகோத்து நடந்தே வந்திருந்தோம்.

"அருவி எங்க டீச்சர்?" என்றாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு சிறுமி.

"இந்தா இருக்குல்லா!" என்று பாறையைக் காட்டினான் இசக்கிமுத்து. அவன் உள்ளூர்க்காரன். வகுப்பிலேயே பெரிய தொண்டை அவனுக்குத்தான். "இப்பம் சீசன் இல்ல. ஆடி மாசம் வந்து பாரு, சத்தத்துல காது அடைச்சிரும்."

"எங்க தோட்டத்துல இதை ஓடைன்னுதான் சொல்லுவாங்க."

இசக்கிமுத்துவுக்கு முகம் கறுத்துவிட்டது. ஊர் மானம் போகிறதே! சண்டை வந்துவிடக் கூடாதே என்று நான் அவசரமாகப் பேச்சை மாற்றினேன். பக்கத்தில் ஓர் எச்சரிக்கைப் பலகை நட்டிருந்தார்கள். "ஏட்டி வள்ளியம்மா, அந்தப் போர்டை எல்லாருக்கும் கேக்குத மாதிரி வாசி பாப்போம்" என்றேன்.

வள்ளியம்மாளை நான் வேண்டுமென்றேதான் கூப்பிட்டேன். பதினொரு வயது. பர்மாவிலிருந்து வந்தவள். வகுப்பிலேயே தங்குதடையில்லாமல் வாசிக்கிற பிள்ளை. அவளை நினைத்து எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அவள் பலகைக்கு முன்னால் போய் நின்றாள். விரலை எழுத்துக்கு எழுத்து நகர்த்திக்கொண்டே, பாடம் படிக்கிற ராகத்தில் சொன்னாள்:

"அருவியில் குளிக்கிறவர்கள் வரிசையாக நின்று குளிக்கவும்."

பலகையில் எழுதியிருந்தது, "குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள்."

## முதல் எழுத்து

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். எங்கள் ஹெட்மாஸ்டர் சங்கரலிங்கம் சார்வாள் மட்டும் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவர் ஒரு குரங்குக்கு வாழைப்பழம் கொடுத்துவிட்டுத் திரும்பியிருந்தார்.

பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் விளையாடவில்லை. பக்கத்தில் போய், "முதல் எழுத்து என்ன, சொல்லு" என்று மெதுவாகக் கேட்டேன். இரண்டாவது எழுத்து? மூன்றாவது? விரல் எழுத்தைச் சரியாகத் தொட்டது, அதன் பெயர்தான் அவளுக்குத் தெரியவில்லை.

எனக்குப் பாறை சுற்றியது. இன்னும் மூன்று வாரத்தில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருகிறார். வருகிறவர் இந்தப் பிள்ளையை வாசிக்கச் சொல்லிப் பார்ப்பார். அவர் சொல்கிற ஒரு வார்த்தையில் இவள் ஆறாம் வகுப்புக்குப் போவாள், அல்லது படிப்பே இல்லாமல் பீடி சுற்றப் போவாள்.

போன வாரம் இந்தப் பத்திரிகையில் நான் எழுதியதைப் படித்துவிட்டு என் தங்கை பாளையங்கோட்டையிலிருந்து கடிதம் போட்டிருக்கிறாள். 'எந்தக் கதையை எடுத்தாலும் கடைசியில் நீயேதான் ஜெயிக்கிறாய், படிக்கிறவர்களுக்குச் சலிப்பாக இருக்காதா' என்று. அவள் திருப்திக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் நான் தோற்றேன். ஜெயித்தது வேறு ஆள்.

## இன்டர்நேஷனல் கிளாஸ்

என் ஐந்தாம் வகுப்புக்கு அப்படிப் பெயர் வைத்தவர் ஹெட்மாஸ்டர்தான். கேலியாக வைத்தாரா, பெருமையாக வைத்தாரா என்று அவருக்கே தெரியாது. பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக நம் ஆட்கள் வந்து இறங்கிய காலம் அது. ரங்கூனிலிருந்து இரண்டு பேர், இலங்கைத் தோட்டத்திலிருந்து மூன்று பேர், செங்கோட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மலையாளம் கலந்து பேசுகிற ஒரு பையன், அப்புறம் பினாங்கில் பிறந்த காதர். மீதியெல்லாம் தென்காசித் தெருக்களில் புழுதி பறத்தியவர்கள்.

ஐந்தாம் வகுப்போடு முடிகிற பள்ளி. ஓட்டுக் கட்டடம், ஒரு கிணறு, ஒரு வேப்பமரம், நான்கு வாத்தியார்கள். அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் பாதி ஆசியாவே வந்து உட்கார்ந்திருந்தது.

காதர் அடிக்கடி எழுந்து, "டீச்சர், பினாங்குல மழை தினமும் பெய்யும்" என்பான். உடனே இசக்கிமுத்து, "அங்கனயே இருக்க வேண்டியதுதானல" என்பான். ஐந்து நிமிஷத்தில் இருவரும் ஒரே கொடுக்காப்புளியைப் பங்கு போட்டுத் தின்றுகொண்டிருப்பார்கள்.

வள்ளியம்மாள் வந்தது கார்த்திகை மாதம், அடைமழையில். அப்பா சுடலைமுத்து கூட்டி வந்தார். ரங்கூனில் அரிசி ஆலையில் மேஸ்திரியாக இருந்தவர். இங்கே பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கினார். பிள்ளை அங்கே நான்காம் வகுப்பு முடித்திருந்தாள், ஆனால் பர்மியப் பள்ளிக்கூடத்தில். சான்றிதழ் எதுவும் கையில் இல்லை. கப்பலேறும்போது உடுத்தியிருந்த துணியே பெரிய சொத்தாக இருந்த நேரத்தில் சான்றிதழை யார் தேடுவார்கள்?

"வயசுக்கு அஞ்சாப்புல உக்கார வைக்கேன்" என்றார் ஹெட்மாஸ்டர். "ஆனா இது தற்காலிகம், பாத்துக்கிடுங்க. வருஷக் கடைசில இன்ஸ்பெக்டர் வந்து பரீட்சை பண்ணிக் கையெழுத்துப் போடணும். அவரு எந்த வகுப்புன்னு சொல்லுதாரோ, அந்த வகுப்புதான்."

சுடலைமுத்து தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பேச்சு மட்டும் பணியவில்லை.

"அஞ்சாப்புன்னா படிக்கட்டும் சார்வாள். ஒண்ணாப்புல கொண்டுபோய்ச் சின்னப் பிள்ளையளோட உக்கார வச்சா, சமஞ்சு நிக்கப்போற பிள்ளைக்கு அது கேவலம். அன்னைக்கே நிப்பாட்டிருவேன். அவ அம்மைகூட இருந்து பீடி சுத்தட்டும்."

சொன்னதைச் செய்கிற ஆள் என்று பார்த்தாலே தெரிந்தது.

## ராகம் போட்டுப் படித்தோம்

அந்தக் காலத்தில் பாடம் படிப்பது எப்படி என்று இப்போதுள்ளவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளை எழுந்து ஒரு வரியை ராகம் போட்டு வாசிக்கும். மற்ற எல்லோரும் அதே ராகத்தில் திருப்பிச் சொல்வார்கள். ஒரு பாடத்தை நாலு நாள், ஐந்து நாள் அப்படிச் சொன்னால், ஓடு அதிரும். தெருவில் போகிறவர்கள், "பிள்ளைய என்னமா படிக்கி!" என்பார்கள். நான் பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்த புதிது. வேறு மாதிரியெல்லாம் சொல்லிக் கொடுக்கலாம் என்று அங்கே படித்திருந்தேன். ஆனால் நாற்பத்திரண்டு பேரின் குரல் ஒன்றாக எழும்பும்போது எனக்கும் அது பிடித்துப்போயிற்று. என் வகுப்புதான் பள்ளிக்கூடத்திலேயே சத்தமான வகுப்பு. அதில் ஒரு கர்வம்.

வள்ளியம்மாளுக்குக் காது அபாரம். இரண்டு நாள் கேட்டால் மூன்றாவது நாள் பாடம் முழுக்க அவள் நாக்கில் இருக்கும். எந்த வரியில் பக்கம் முடிகிறது என்பதுகூடத் தெரியும். சரியான இடத்தில் தாளைத் திருப்புவாள். எழுதச் சொன்னால், கரும்பலகையில் இருப்பதை அப்படியே படம் வரைகிற மாதிரி வரைந்துவிடுவாள். கணக்கிலோ அவளை மிஞ்ச ஆள் இல்லை. என்னத்தைச் சந்தேகப்படுவது?

அருவிக் கரையில் எல்லோரும் எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் தானாக ஏறிவிடும்.

"நாலு மாசமா என்னை ஏமாத்திக்கிட்டா இருந்த?"

"எழுத்து தெரியாதுன்னு சொன்னா ஒண்ணாப்புல போட்டிருவியளே டீச்சர்" என்றாள். அழவில்லை. நிமிர்ந்து பார்த்தே சொன்னாள். "எனக்கு எங்க ஊரு எழுத்து நல்லா வரும். வேகமா வாசிப்பேன். தமிழ் பேசத்தான் தெரியும். இங்கன எல்லாரும் பாராம சொல்லுதாவ. நானும் சொன்னேன்."

'எல்லோரும் பாராமல் சொல்கிறார்கள்.' அந்த வார்த்தை என்னைக் குத்தியது.

## ஒன்பது பேர்

மறுநாள் காலையில் வகுப்பில் ஒரு வேலை செய்தேன். புத்தகத்தை மூடச் சொன்னேன். பொட்டலம் கட்டி வந்த பழைய செய்தித்தாள்களைத் துண்டு துண்டாகக் கிழித்து ஆளுக்கொன்று கொடுத்து, ஒவ்வொருவராக வந்து என் காதோடு வாசிக்கச் சொன்னேன்.

ரங்கூன்காரி ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். உள்ளூர்க்காரர்களிலும் எட்டுப் பேர் அவளைப் போலவே அகப்பட்டார்கள். எட்டுப் பேருக்கும் புத்தகம் மனப்பாடம், வெளியே ஒரு வரி தெரியாது. அதில் முதல் ஆள் இசக்கிமுத்து. எந்தப் பாடத்தையும் எடுத்துக் கொடுப்பவன் அவன்தான்! காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தொண்டையைக் கனைத்தான். கடைசியில், "டீச்சர், இதுல மை சரியில்ல" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது. நான் வாத்தியாராக இருக்கத் தகுதியில்லை என்று நினைத்தேன். நேரே ஹெட்மாஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "உள்ளூர்ப் பிள்ளையளுக்குச் சான்றிதழ் இருக்கு, தப்பிச்சுக்கிடும். அந்தப் பிள்ளையத்தான் அவரு தனியா கூப்பிடுவாரு. பேசாம ஒண்ணு செய்யுங்க டீச்சர். பன்னெண்டாவது பாடத்தை அவளுக்கு நல்லா ஏத்தி விட்டுருங்க. அத வாசிக்கச் சொல்லுத மாதிரி நான் பாத்துக்கிடுதேன்."

தப்பிப்பதற்கு நல்ல வழிதான். ஆசை காட்டிய வழி. வகுப்புக்குத் திரும்பி வந்து வள்ளியம்மாளிடம் அதைச் சொல்லியும் பார்த்தேன்.

"அப்பம் ஆறாப்புல போயி என்ன செய்யதுக்கு?" என்றாள்.

## பஜார் பாடம்

அவளுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தது நான் என்று இதுவரை நீங்கள் நினைத்திருந்தால், இல்லை. நான் உட்கார வைத்து அ, ஆ என்று ஆரம்பித்தபோது இரண்டு நாளில் எனக்கும் அவளுக்கும் சலித்துவிட்டது. காதர்தான் அந்த யோசனையைச் சொன்னான்.

"டீச்சர், பினாங்குல நான் கடை போர்டு பாத்துத்தான் படிச்சேன். பள்ளிக்கூடத்துல இல்ல."

அன்று சாயங்காலமே எழுத்து தெரிந்த பிள்ளைகள் ஒரு பத்துப் பேர், தெரியாத ஒன்பது பேரை இழுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பிவிட்டார்கள். ரயில் நிலையத்திலிருந்து, அந்தக் காலத்தில் இடி விழுந்து பிளந்து நின்ற கோயில் கோபுரம் வரை ஒரு போர்டு பாக்கியில்லை. 'சைக்கிள் வாடகைக்கு விடப்படும்.' 'எச்சில் துப்பாதீர்.' 'சுத்தமான நெய்.' 'முடிதிருத்தும் நிலையம்.' ஒருவர் மாற்றி ஒருவர் எழுத்துக் கூட்டுவது. தப்பாகச் சொன்னவனைக் கடைக்காரரே திருத்துவது. மூன்றாவது நாள் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், "பிள்ளையளா, புது போர்டு வச்சிருக்கேன், இங்கனயும் வந்து வாசிங்க" என்று கூப்பிட்டாராம்.

இசக்கிமுத்துவுக்கு ஒரு பெரிய அதிர்ச்சி காத்திருந்தது. அவன் அப்பாவின் வெற்றிலை பாக்குக் கடைக்கு மேலே ஒரு தகரப் பலகை உண்டு. அதில் அப்பா பெயர்தான் எழுதியிருக்கிறது என்று பிறந்ததிலிருந்து நம்பிக்கொண்டிருந்தான். நான்காம் நாள் கூட்டி வாசித்தால், 'இங்கே சோடா, கலர் கிடைக்கும்.' வீட்டில் போய், "ஏம்ப்பா ஒம்பேரப் போடல?" என்று சண்டை பிடித்திருக்கிறான். அவன் அப்பா, "போர்டுல அப்படியா போட்டிருக்கு?" என்று கேட்டாராம்.

பள்ளிக்கூடத்துக்குள்ளும் சீட்டு ஒட்ட ஆரம்பித்தார்கள். கிணற்றில் 'கிணறு', மணியில் 'மணி', வேப்பமரத்தில் 'வேப்பமரம்'. ஹெட்மாஸ்டர் நாற்காலியின் முதுகில் 'ஹெட்மாஸ்டர்' என்று ஒட்டியிருந்தது. அவர் கோபத்தோடு அதைக் கிழிக்க வந்தார். வள்ளியம்மாள் தூரத்தில் நின்றே அதை வாசித்ததைக் கேட்டுவிட்டு, கிழிக்காமல் போய்விட்டார்.

பர்மிய எழுத்து வருகிற பிள்ளைக்கு முதலில் எல்லாமே குழப்பமாக இருந்தது. ஒருநாள் திடீரென்று எழுந்து கத்தினாள்: "டீச்சர், எங்க எழுத்துலயும் இந்தக் கொம்பு முன்னால வருது! முன்னால எழுதிட்டுப் பின்னால சொல்லணும்!" சிலேட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினாள். அன்றிலிருந்து அவளைப் பிடிக்க முடியவில்லை. தீப்பெட்டி, பஸ் டிக்கெட், சுவரொட்டி, ஒன்றையும் விடவில்லை. அவள் அம்மா சுற்றுகிற பீடிக்கட்டின் லேபிளைக்கூட வாசித்துவிட்டு வந்தாள்.

## பாதி உலகம் தென்காசி

வருஷக் கடைசியில் ஒவ்வொரு வகுப்பும் ஏதாவது செய்து காட்ட வேண்டும். மூன்றாம் வகுப்பு இலைகளை ஒட்டிய நோட்டு. நான்காம் வகுப்பு தக்ளியில் நூற்ற நூல். என் வகுப்பு முற்றத்தில் ஓர் உலகப் படம் போட்டது.

செங்கல்பொடியும் கோலப்பொடியும் கரைகள். கடலுக்கு, துணிக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்து மணலில் தெளித்தார்கள். ரங்கூன், கொழும்பு, பினாங்கு, எல்லா ஊருக்கும் பெயர்ப்பலகை. எழுதியது முழுக்க அந்த ஒன்பது பேர். வள்ளியம்மாளின் எழுத்துகள் பர்மிய எழுத்தின் பழக்கத்தில் கொஞ்சம் உருண்டையாக, முறுக்குப் பிழிந்த மாதிரி இருந்தன. வாசிக்க அவ்வளவு அழகு.

ஒரே ஒரு குறை. தென்காசியும் குற்றாலமும் சேர்ந்து இந்தியாவில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தன. சென்னைக்கு இடமே இல்லை. அழிக்கச் சொன்னேன். ஒருவரும் அழிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். உயரமான ஆள், மூக்குக் கண்ணாடி, இஸ்திரி கலையாத சட்டை. அவரைப் பற்றி ஒரு விஷயம் ஜில்லா முழுக்கத் தெரியும். அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். தமிழ் நடையும் அப்படியே. இரண்டிலும் அவருக்கு மிகுந்த பெருமை. அதனாலேயே அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆபீஸ் அறையில் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்து, பார்வைக் குறிப்பை அங்கேயே நிறுத்தி நிதானமாக எழுதி முடித்துவிடுவார். வகுப்புகளைச் சுற்றிப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

முற்றத்துக்கு வந்தவர் உலகத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "தென்காசி ஏன் இவ்வளவு பெரிசு?" என்றார்.

"அதுல நாங்க முப்பத்தஞ்சு பேரு நிக்கணும்லா சார்" என்றான் இசக்கிமுத்து.

இன்ஸ்பெக்டர் சிரிக்காமல் தலையாட்டினார். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டிருந்தது. அதில் உட்கார்ந்து குறிப்பு நோட்டை மடியில் வைத்துக்கொண்டார். "பர்மாவிலிருந்து வந்த பெண் யார்?" என்று கேட்டார்.

நான் வாசல் பக்கம் பார்த்தேன். சுடலைமுத்து வந்து நின்றிருந்தார். சந்தையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், தோளில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார் என்று தோன்றியது.

## பின்பக்கம்

ஹெட்மாஸ்டர் சொன்னபடியே செய்துவிட்டார். பாடப்புத்தகத்தைப் பன்னிரண்டாவது பாடத்தில் பிரித்து, பவ்யமாக இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் அதை வள்ளியம்மாளிடம் நீட்டினார். "இதை வாசி."

வள்ளியம்மாள் புத்தகத்தை வாங்கினாள், பார்த்தாள், மூடினாள்.

"இது எனக்குப் பாராமலே வரும் சார். வேற எதாவது குடுங்க."

ஹெட்மாஸ்டர் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டார். எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. பதினொரு வயதுப் பிள்ளை! அந்தப் பாடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்திருந்தால் ஆறாம் வகுப்பு அவள் மடியில் வந்து விழுந்திருக்கும்.

இன்ஸ்பெக்டர் அவளைக் கண்ணாடிக்கு மேலாக ஒருமுறை பார்த்தார். சுற்றுமுற்றும் தேடினார். வேறு புத்தகம் இல்லை. மடியிலிருந்த நோட்டைப் பிரித்து, அன்று காலை எழுதிய முதல் பக்கத்தைக் காட்டினார். "சரி. இதை வாசி."

அவள் வாசித்தாள். ராகம் இல்லை. நிதானமாக, பேசுகிற குரலில்.

"'பள்ளி வளாகம் தூய்மையாக இருக்கிறது. கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் தேவை. தலைமையாசிரியர் பதிவேடுகளைச் செம்மையாகப் பராமரித்து வருகிறார்.'"

ஹெட்மாஸ்டர் மரத்தை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"'ஐந்தாம் வகுப்பு ஆசிரியை ஆர்வம் மிக்கவர். ஆயினும் அவருடைய குரல் அலுவலக அறை வரை கேட்கிறது.'"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். என் காது சூடாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் மட்டும் கண்ணை லேசாக மூடிக்கொண்டிருந்தார். தன்னுடைய வாக்கியங்களைப் பிறர் வாயால், அதுவும் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்திக் கேட்கிற சுகத்தில் மனிதர் தன்னை மறந்துவிட்டார். பக்கம் முடிந்தது. அவள் தாளைத் திருப்பினாள். அவர் தடுக்கவில்லை.

"'பர்மாவிலிருந்து வந்து சேர்ந்துள்ள மாணவி சு. வள்ளியம்மாள்...'"

தன் பெயரைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றாள். இன்ஸ்பெக்டர் கண்ணைத் திறந்தார். "போதும், போதும்" என்று கையை நீட்டினார். அவள் நோட்டைக் கொடுக்கவில்லை. ஓரடி பின்னால் தள்ளி நின்றுகொண்டு, இன்னும் கொஞ்சம் உரக்க வாசித்தாள்.

"'...முன்பு பயின்ற பள்ளியின் சான்றிதழ் எதையும் அளிக்கவில்லை. இம்மாணவிக்குத் தமிழ் வாசிக்கும் திறன் இருக்க வாய்ப்பில்லை. ஆகவே ஆறாம் வகுப்புக்கு உயர்த்த இயலாது. ஒன்றாம் வகுப்பில் அமர்த்துக.'"

கடைசி எழுத்து வரை வாசித்துவிட்டு நோட்டை நீட்டினாள். நீலக் கடலில் ஒரு காக்கை நடந்து போனது.

"சார்!" என்றான் இசக்கிமுத்து. அந்தப் பெரிய தொண்டையை அன்றுதான் கடவுள் ஏன் கொடுத்தார் என்று எனக்குப் புரிந்தது. "வாசிக்கத் தெரியாதுன்னு எழுதுனத அவளே வாசிச்சிட்டாளே சார்!"

முதலில் காதர் சிரித்தான். பிறகு உலகத்தின் எல்லா நாடுகளும் சிரித்தன. இன்ஸ்பெக்டருக்கு முகம் சிவந்தது. திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அந்த முத்தான நான்கு வரிகளின் மேலே குறுக்காக, நிதானமாகக் கோடு போட்டார். தன் கையெழுத்தை அப்படி அடிக்க அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். ஆனாலும் அடித்தார். நல்ல மனிதர்.

அடித்துவிட்டுப் பேனாவை அவளிடமே கொடுத்தார். "கீழே நீயே எழுது. நீ எழுதுவதையும் பார்த்த மாதிரி ஆயிற்று."

வள்ளியம்மாள் தரையில் மண்டியிட்டு, நாற்காலிக் கையில் நோட்டை வைத்து எழுதினாள். யாரையும் கேட்கவில்லை. நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். உருண்டை உருண்டையாக இரண்டு வரி:

'வள்ளியம்மாள் வாசித்தாள். ஆறாம் வகுப்பில் அமர்த்துக.'

இன்ஸ்பெக்டர் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

பிள்ளைகள் போட்ட கூச்சலில் கோலப்பொடியும் செங்கல்பொடியும் பறந்தன. இலங்கையின் மேலே ஏறிக் குதித்தார்கள், இமயமலையை மிதித்தார்கள். ஹெட்மாஸ்டரே பசிபிக் கடலில் நின்றுகொண்டிருந்தார். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். சுடலைமுத்து அங்கேயே நின்றிருந்தார். தூரத்தில் இருந்ததால் அவருக்கு ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை, சிரிப்பும் கூச்சலும் மட்டும்தான் தெரிந்திருக்கிறது. தன் பிள்ளையைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்திருப்பார் போல. கண் கலங்கியிருந்தது.

"என்ன டீச்சர் ஆச்சு? பிள்ளையக் கூட்டிட்டுப் போயிரட்டுமா?"

ஊரையே எழுப்புகிற என் குரல் அந்த நேரத்தில் எழும்பவே இல்லை. அதற்குள் வள்ளியம்மாள் பின்னால் ஓடி வந்துவிட்டாள்.

"ஆறாப்பு, அப்பா!"

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, எங்களுக்குத் தெரியாமல் சமாளித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, அவர் கேட்டார்:

"ஆறாப்புக்குப் பள்ளிக்கூடம் எங்கன இருக்கு டீச்சர்? இன்னைக்கே பாத்துட்டுப் போயிருதேன்."